தொட்டிக்கு ஏற்ற ரகம்

என் மனைவி என்னிடம் வாய் திறந்து கேட்டவை மிகக் குறைவு. நகை கேட்டதில்லை. ஊருக்கு டிக்கெட் போடுங்கள் என்று நச்சரித்ததில்லை. டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில் அவள் கேட்டது ஒரே ஓர் ஆலிவ் மரம். அதுவும் தொட்டியில் இல்லை, தரையில். வீட்டின் பின்பக்கம் குழி வெட்டி மண்ணில் வைத்து, நாங்கள் இருக்கும்வரை இருக்கப்போகிற மரம். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. முடியவில்லை என்று எழுதுவதே பொய். நான் செய்யவில்லை.

அவளுக்கு அந்த ஆசை வந்தது ஒரு ஷாப்பிங் சென்டரின் கார் நிறுத்தும் இடத்தில். மகளைப் பியானோ வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கே காத்திருப்பாள். அவளுக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி கிடையாது. என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த நாளில் காத்திருப்பதுதான் வேலை. கோபியில் நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், இங்கே வந்து ஒரு காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக மரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வரிசையாக ஏழெட்டு ஆலிவ் மரங்கள். காற்றடித்தால் இலையெல்லாம் திரும்பி அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரியும். ஒருநாள் கீழே கிடந்த காயை எடுத்துக் கடித்துப் பார்த்திருக்கிறாள்.

"எட்டிக்காயாட்டம் கசக்குதுங்க," என்றாள் வீட்டுக்கு வந்து. வாய் கொப்பளித்து முடித்தும் முகம் கோணிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். "இத்தன கசப்ப எப்படியாச்சும் தின்னே தீரணும்னு எவனோ ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கான் பாருங்க!"

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். மகளின் பழைய ஸ்கூல் நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஒரு ரகம். அர்பெக்கினா, மன்சனில்லா, கொரோனெய்க்கி, மிஷன் என்று தலைப்பு, கீழே அழகான ஆசிரியைக் கையெழுத்தில் குறிப்புகள். எந்த ரகம் ஊறுகாய்க்கு, எது எண்ணெய்க்கு, எது தனியாக நின்றாலே காய்க்கும், எதற்குப் பக்கத்தில் வேறு ரகம் ஒன்று வேண்டும், எது எவ்வளவு குளிர் தாங்கும். காய்க்காத ரகங்கூட உண்டாம். தரையில் கறை படியாமல் இருக்க அதைத்தான் பலபேர் வைக்கிறார்களாம். "காய்க்காததுக்கு எதுக்கு ஒரு மரம், கம்பத்த நட்டு வெச்சுக்கலாமில்ல?" என்று சிரித்தாள். சோறு போடும்போதும் அதுதான் பேச்சு. வெகுநாள் கழித்து அவள் குரலில் வகுப்பறை கேட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

நானும் சும்மா இருப்பேனா? எக்செல் ஒன்று திறந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி இது. கார் வாங்கினாலும் எக்செல், மகளுக்கு நீச்சல் கிளாஸ் தேடினாலும் எக்செல். அவள் குறிப்புகளை எல்லாம் கட்டம் கட்டமாக ஏற்றினேன். உயரம், குளிர், காய்க்க ஆகும் வருஷம், காயின் அளவு. எல்லாம் முடிந்தபிறகு, அவளிடம் சொல்லாமல், கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன். எடுத்துக்கொண்டு போக முடியுமா, முடியாதா.

ஏன் என்றால், எங்களுக்குக் கிரீன் கார்டு வரவில்லை. விண்ணப்பித்து வருஷக்கணக்காகிவிட்டது. மாதாமாதம் எந்தத் தேதியில் விண்ணப்பித்தவர்கள்வரை முறை வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அதைத் திறப்பது எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற மாதிரி. சில மாதம் தேதி ஒரு வாரம் நகரும், சில மாதம் அப்படியே நிற்கும், ஒருமுறை பின்னால் போனது. வேலை போனால் அறுபது நாளில் பெட்டி கட்ட வேண்டும் என்பது மண்டையில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். அதனால் எதைக் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்தான். கிரீன் கார்டு வரட்டும். சுவருக்கு வேறு பெயிண்ட் அடிக்கலாமா? கிரீன் கார்டு வரட்டும். மகள் நாய்க்குட்டி கேட்டாள். வரட்டும். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று அவள் ஒருதரம் கேட்டாள், இரண்டு வருஷம் கழித்து இன்னொரு தரம் கேட்டாள். அதற்கும் நான் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தரம் அவள் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பக்கம் இருந்த ஓர் ஆலிவ் தோட்டத்துக்கு மூவரும் டிரைவ் பண்ணிப் போனோம். தோட்டக்காரம்மா ஒரு வெள்ளைக்காரி. தொப்பியும் பூட்ஸுமாக வெயிலில் கறுத்துப்போனவள். என் மனைவி நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளைக் கண்டு அந்த அம்மாள் அசந்துவிட்டாள். இரண்டுபேரும் மரம் மரமாக நின்று பேசினார்கள். மிஷன் ரகம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் நன்றாகக் குளிர் தாங்கும், பெரிய மரமாகும், காயும் பெரிது, தரையில்தான் வைக்க வேண்டும், களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி வையுங்கள் என்றாள். அர்பெக்கினா சீக்கிரம் காய்க்கும், சின்னதாகவே இருக்கும், இடமில்லாதவர்கள் தொட்டியில்கூட வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

அவள் சொன்னதில் என் காதில் விழுந்தது தொட்டி ஒன்றுதான்.

திரும்பி வரும்போது காரில் சண்டை. சண்டை என்றால் எங்கள் வீட்டில் கத்தல் இருக்காது. அவள் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டே வெட்டுவாள்.

"மிஷனே வெச்சுக்கலாமுங்க. மேக்கால சுவத்துல இருந்து பதனஞ்சு அடி தள்ளி வெச்சாச் சரியா இருக்கும்."

"அது பெரிய மரமாயிடும். நாளைக்கே கிளம்பச் சொன்னா என்ன பண்றது?"

"வீடு வாங்கினமே, அப்ப தெரியலீங்களா?"

"வீட்ட வித்துடலாம். மரத்த எடுத்துட்டுப் போக முடியுமா?"

"எதுக்குங்க எடுத்துட்டுப் போகோணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. வர்றவங்க சாப்பிடட்டும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "உனக்குப் புரியாது, விடு," என்றேன். என்ன திமிர் பாருங்கள். தாவரவியல் படித்தவளிடம், மரத்தைப் பற்றி.

பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரீ," என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

அடுத்த வாரம் அர்பெக்கினா வந்தது. எக்செல்லில் அதுதான் முதலிடம் என்று காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் பார்வை நின்றது. பெரிய தொட்டியாக வாங்கி, மணல் கலந்து, அடியில் ஜல்லி போட்டு அவளே வைத்தாள். வெயில் திரும்பத் திரும்பத் தொட்டியை நகர்த்த வேண்டும் என்று அடியில் சக்கரம் வைத்த பலகை கேட்டாள். அதை மட்டும் மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். சக்கரம் எனக்குப் பிடித்த விஷயம்.

வேண்டாவெறுப்பாக வளர்த்தாள் என்று நினைக்காதீர்கள். கிடைத்ததை ஆசையாகத்தான் வளர்த்தாள். காலையில் காப்பித் தம்ளரோடு அதன் பக்கத்தில் நிற்பாள். மூன்றாவது வருஷம் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ, அப்புறம் காய். சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. இரண்டு கைப்பிடி தேறியது. மாவடு போடுகிற பக்குவத்தில் கல்லுப்பு, கடுகுப்பொடி, மிளகாய்த்தூள், கொஞ்சம் விளக்கெண்ணெய் போட்டு ஒரு பாதியை ஊறவைத்தாள். பத்து நாள் கழித்து வாயில் வைத்தால், சாமி, நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. மாவடுக்கு ஆகிற வித்தை இதற்கு ஆகாது. மீதிப் பாதியைக் கீறி, தினம் தண்ணீர் மாற்றி, வாரக்கணக்கில் கசப்பை இறக்கி, அப்புறம் உப்புநீரில் போட்டாள். தயிர்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு மூவரும் சாப்பிட்ட அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள்கூட நாலைந்து தின்றாள்.

"மிஷனா இருந்தா இது நெல்லிக்காயாட்டம் வந்திருக்கும்," என்றாள் என் மனைவி. குத்தலாகச் சொல்லவில்லை. கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"தரையில வெச்சுட்டாப் போச்சுங்க," என்று அவள் தொடர்ந்தாள். "இதையேதான். இதுவே போதும் எனக்கு. தொட்டிக்குள்ள வேர் சுத்திக்கிட்டுக் கெடக்குது, பாவம்."

"கிரீன் கார்டு..." என்று ஆரம்பித்தேன்.

"வரட்டும்," என்று அவளே முடித்துவைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

பிறகு அந்தப் பிப்ரவரி வந்தது. டெக்ஸாஸில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு குளிரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வரப்போகிறது என்று இரண்டு மூன்று நாள் முன்பே போனில் எச்சரிக்கை வந்தது. அன்று காலை அவள் சொன்னாள்.

"தொட்டிய கராஜுக்குள்ள தள்ளி வெச்சரலாமுங்க. தரையில இருக்கறது தாங்கினாலும் தாங்கும். தொட்டியில வேருக்கு ஒரு பாதுகாப்பும் இல்ல. சுத்தியும் காத்துதானே?"

கராஜைத் திறந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கராஜுக்குள் கார் நின்றதே இல்லை. அட்டைப்பெட்டிதான் நின்றது. டிவி வந்த பெட்டி, பழைய டிவி வந்த பெட்டி, மைக்ரோவேவ் பெட்டி, மகளின் கட்டில் வந்த பெட்டி, மிக்சி பெட்டி. உள்ளே இருந்த தெர்மோகோல் உறைகூடப் பத்திரம். வீடு மாற்றும்போது தேவைப்படும் என்று நான்தான் ஒன்றையும் தூக்கிப்போட விடவில்லை. முன்பு குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டிலிருந்து டெக்ஸாஸுக்கு வந்தபோது கட்டிய பெட்டிகள்கூட அதில் இருந்தன. என் நண்பர்கள் வீட்டிலும் இதே கதைதான். எல்லாரும் நாளைக்குக் கிளம்பப் போகிறவர்கள் மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு பதினைந்து வருஷமாக இங்கேயே கிடக்கிறோம்.

தொட்டிக்கு இடமில்லை.

"பெட்டிய எடுத்து வெளிய போடுங்க. நானும் கை குடுக்கறேன், அரை மணி நேர வேல," என்றாள்.

"வெளிய போட்டா பனியில நனைஞ்சு நாசமாயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். "மரமுங்க அது," என்றாள்.

"அப்ப வீட்டுக்குள்ள வெச்சுக்கலாமுங்க," என்று அவளே அடுத்ததும் சொன்னாள். மண்ணும் தண்ணீரும் கார்ப்பெட்டில் கறையாகிவிடும், பின்னால் வீட்டை விற்கும்போது பிரச்சினை என்றேன். இரண்டு நாள்தானே, போர்த்திவிட்டால் தாங்கும், எக்செல்லில் போட்டிருக்கிறது என்றேன். சத்தியமாக அந்த வார்த்தையைச் சொன்னேன். பெட்ஷீட் இரண்டு, அதற்கு மேல் அவள் அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமக்காளம். அவள்தான் சுற்றிக் கட்டினாள். கை சிவந்து விறைத்துப் போயிருந்தது. நான் கயிறு பிடித்தேன்.

இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம். கரண்ட் போய், குழாய் உறைந்து, மூன்று பேரும் ஒரே அறையில் கம்பளிக்குள் கிடந்தோம். தினமும் அவள் ஜன்னலுக்குப் போய் அந்தப் போர்த்திய உருவத்தைப் பார்த்துவிட்டு வருவாள். கராஜில் பெட்டிகள் சொட்டு ஈரம் படாமல் இருந்தன.

பனி உருகியபிறகு பிரித்தோம். இலையெல்லாம் காய்ந்த வேப்பிலை நிறம். அந்தத் தோட்டக்காரம்மாவுக்கு மனைவி போன் பண்ணிக் கேட்டாள். அவசரப்பட்டு வெட்டாதே, மே மாதம்வரை பொறு, நகத்தால் பட்டையைக் கீறிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று சொன்னாளாம். மார்ச் முழுவதும், ஏப்ரல் முழுவதும் என் மனைவி கீறிப் பார்த்தாள். முதலில் நுனியில், பிறகு நடுவில், பிறகு அடித்தண்டில். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே. எங்கேயும் பச்சை இல்லை.

ஷாப்பிங் சென்டர் மரங்களும் பட்டுத்தான் போயிருந்தன. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். மே மாதம் ஒரு சனிக்கிழமை மளிகை வாங்கப் போனபோது பார்க்கிறோம், வெட்டிய கட்டையைச் சுற்றித் தரையிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர். ஏழெட்டிலும் வந்திருந்தது. வேர் மண்ணுக்குள் ஆழத்தில் இருந்ததால் தப்பிவிட்டது. என் மனைவி காரிலிருந்து இறங்கிப் போய், குனிந்து, ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து சீட்பெல்ட் போட்டுக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "வெங்காயம் வாங்கோணும், மறந்துராதீங்க," என்றாள்.

அந்த வாரமே செடியைப் பிடுங்கிப் போட்டாள். வேர் தொட்டியின் வடிவத்திலேயே உருண்டையாக வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வேலை பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. ஒரு டேகேரில் சேர்ந்தாள். பிள்ளைகளோடு இருப்பது பிடித்திருக்கிறது என்றாள். ஆலிவ் பேச்சு நின்றுபோனது. அதை நான் உடனே கவனிக்கவில்லை. நான் கவனிப்பதெல்லாம் தாமதமாகத்தான்.

கிரீன் கார்டு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், விளம்பரக் காகிதங்களோடு சேர்ந்து மெயில் பாக்ஸில் சாதாரணமாகக் கிடந்தது. மகள் அப்போது காலேஜ் போய்விட்டாள். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நேராக நர்சரிக்குப் போனேன். மிஷன்தான் வேண்டும் என்று கேட்டு, என் தோள் உயரத்துக்கு ஒரு கன்று வாங்கி, காரில் சாய்த்துவைத்துக் கொண்டுவந்தேன். கடப்பாரை ஒன்றும் வாங்கினேன். எங்கள் பக்கம் ஒரு அடி தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. உள்ளங்கை கொப்புளித்தது. பரவாயில்லை, இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே துடிப்பு.

மாலையில் டேகேரிலிருந்து வந்தவள் பின்பக்கக் கதவைத் திறந்து நின்றாள்.

"கார்டு வந்துருச்சு," என்றேன். "பாரு, மிஷன்! நீ கேட்டது."

"நல்லதுங்க," என்றாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. கார்டுக்கா, கன்றுக்கா.

"எங்க வைக்கட்டும் சொல்லு. சுவத்துல இருந்து பதினஞ்சு அடி சரியா? மேடு எவ்வளவு கட்டணும்?"

"உங்களுக்கு எங்க தோணுதோ அங்க வைங்க."

"நீ சொல்லேன்."

"எங்க வெச்சாலும் வருமுங்க." பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். "பசங்க இன்னிக்கு ரொம்பப் படுத்திட்டாங்க. நான் செத்த படுக்கறேன்."

கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மேற்கு வெயில், காற்றின் திசை, குழியின் ஆழம் என்று பாடம் எடுத்தவள் அவள். இதே இடத்துக்காக என்னோடு வழிநெடுகக் காரில் சண்டை போட்டவள். இப்போது சண்டைக்குக்கூட வரவில்லை. நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆசை, அவளிடம் இல்லை. நானே நட்டேன். மண்ணை மிதிக்கும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே கையசைத்தார், நானும் அசைத்தேன்.

கன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான்தான் தண்ணீர் விடுகிறேன். அவள் அதை வெறுக்கவும் இல்லை. துணி காயப்போடும்போது அதைச் சுற்றிக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் போனில் பேசிவிட்டு வைத்திருந்தாள். நாங்கள் இரண்டுபேரும் மட்டும் சமையலறை மேஜையில். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அன்றைக்கு வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுடும்மா," என்றேன்.

கத்தி நின்றது. "எதுக்குங்க?"

எனக்குத் தெரியும் எதற்கு என்று. அவளுக்கும் தெரியும். அவள் இரண்டு தரம் கேட்டு, மூன்றாவது தரம் கேட்காமல் விட்டதற்கு. சொல்ல வாய் வரவில்லை. கோழை மாதிரி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்த மரத்துக்கு," என்றேன்.

அவள் பீன்ஸை வரிசையாக அடுக்கி மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"மரத்துக்குன்னா பரவால்லீங்க," என்றாள்.